நீலகிரியில் மூன்று நாள் சைக்கிள்: எந்த வழியில் ஏறுவது, எங்கே ஓட்டுவது?

காவிரிக்கரை (ஈரோடு) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசியில், நானும் என் தம்பியும் மூன்று நாள் நீலகிரியில் சைக்கிள் ஓட்டலாம் என்று இருக்கிறோம். எனக்கு 46 வயது. பவானி, அந்தியூர் பக்கம் 50, 60 கி.மீ. ஓட்டுவது பழக்கம்தான். ஆனால் அதெல்லாம் சமதளம். பெரிய மலை எதிலும் இதுவரை ஏறியதில்லை.

என்னிடம் இருப்பது ஹைபிரிட் சைக்கிள். முன்னால் 48, 38, 28 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல், ரிம் பிரேக். தம்பியிடம் எம்.டி.பி. (மலைப்பாதைச் சைக்கிள்) இருக்கிறது. 2.1 அங்குல டயர், டிஸ்க் பிரேக். அவனுக்குத் தார் ரோட்டைவிட மண் பாதையில்தான் ஆசை. சோலைக்குள் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, புல்வெளிச் சரிவில் இறங்கலாம் என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறுவதா, கோத்தகிரி வழியாகவா? ஊட்டியில் அறை எடுத்துத் தங்கிச் சுற்றுவது சரிப்படுமா? பார்க்க அழகாகவும் வண்டித் தொல்லை இல்லாமலும் இருக்கிற ரோடு எது? தம்பி கேட்கிற மண் பாதைக்கு எங்கே போகலாம்? ஓட்டிப் பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மலைமுகடு (பெங்களூரு) பதில்:

நீலகிரி என்றால் கல்லட்டிதான் நண்பரே. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவு. 2008 முதல் நடக்கிற டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் எல்லோரும் பேசுகிற ஏற்றம் அதுதான். அதை ஏறி முடித்தால் வேறு எந்த மலைக்கும் பயம் இருக்காது. முதல் நாளே மைசூர்ப் பக்கம் வந்து, பந்திப்பூர், முதுமலை வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டே மசினகுடியில் தங்கிவிடுங்கள். மறுநாள் காலை கல்லட்டி. என்னைக் கேட்டால் இதைவிட அழகான வழி தென்னிந்தியாவிலேயே கிடையாது.

அரவேணு (கோத்தகிரி) பதில்:

காவிரிக்கரை அண்ணா, நான் கோத்தகிரிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இந்த ரோடுகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். நீங்கள் கேட்ட வரிசையை விட்டு, எனக்கு முக்கியமாகப் படுவதை முதலில் சொல்கிறேன்: ஊட்டியை மறந்துவிட்டுத் திட்டம் போடுங்கள். சைக்கிளில் வருகிறவர்களுக்கு நீலகிரி என்பது கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர், கேத்தி, மஞ்சூர் இவற்றுக்கு நடுவில் கிடக்கிற சின்னச் சின்ன ரோடுகள்தான். ஊட்டி நகரத்துக்குள் சனி, ஞாயிறில் கார் வரிசைக்குப் பின்னால் புகையை வாங்கிக்கொண்டு நிற்பதற்கு இவ்வளவு உயரம் ஏறி வர வேண்டியதில்லை.

கல்லட்டியைப் பற்றி மலைமுகடு சொன்னதில் அழகு என்கிற வரைக்கும் எனக்கும் சம்மதம். ஆனால் முதல் மலை ஏற்றத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு கணக்கு சொல்கிறேன். நம் மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே சரிவு 12 அடிக்கு 1 அடி, அதாவது எட்டே கால் சதவீதத்துக்குச் சற்று மேல். சாதாரண ரயில் சக்கரம் அதில் வழுக்கிவிடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. கல்லட்டியில் பல இடங்கள் பத்து சதவீதத்தையே தாண்டுகின்றன. சமதளத்தில் 60 கி.மீ. ஓட்டுகிற கால், அங்கே ஐந்தாவது வளைவிலேயே இறங்கித் தள்ளச் சொல்லும்.

அதைவிடப் பெரிய விஷயம் காடு. டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்பது முன்கூட்டியே அனுமதி வாங்கி, முன்னும் பின்னும் வண்டி வைத்து, கூட்டமாகப் போகிற பயணம். நீங்கள் இரண்டு பேர் தனியாக முதுமலைக் காட்டு ரோட்டில் சைக்கிளில் போவது அதோடு சேர்த்துப் பேசக்கூடியதே இல்லை. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவு திரும்பியதும் குட்டியோடு நிற்கிற யானைக்கு நீங்கள் வருவது தெரியாது, உங்களுக்கும் அது நிற்பது தெரியாது. ஏற்றத்தில் நீங்கள் போகிற வேகத்தில் திரும்பி ஓடவும் முடியாது. மசினகுடி, தெப்பக்காடு பக்கம் யானை தாக்கி உயிர் போன செய்தி எங்களுக்குப் புதிது இல்லை. அதனால் அந்தப் பக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

சரி, ஏறுகிற வழிக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் ரோடு பிரியும். நேரே கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர். வலப்பக்கம் கோத்தகிரி. கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் திரும்புங்கள். குன்னூர் ரோடு தேசிய நெடுஞ்சாலை. லாரி, சுற்றுலா பஸ், வேன் எல்லாம் அதில்தான். 14 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும்போது சைக்கிள் ஒதுங்க இடம் கிடைப்பது கஷ்டம். கோத்தகிரி ரோட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊர் வரை 33 கி.மீ. கிட்டத்தட்ட 325 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 1800 மீட்டர் வரை ஏறுகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் ஐந்து சதவீதம்கூட வராது. மூச்சு வாங்கும், ஆனால் உடைக்காது. ஒரே சீராகப் போகிற ஏற்றம் என்பதால் ஒரு கியரைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்து மிதிக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோடை சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதை போடுவார்கள். அப்போது எங்கள் ரோட்டில் எதிரே கார் கார் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் வருகிற ஜனவரிக் கடைசியில் அந்தத் தொல்லை இருக்காது. அதிலும் செவ்வாய், புதன், வியாழன் என்று வந்தால் நல்லது.

காலை வெளிச்சம் வந்ததும் அடிவாரத்தை விட்டுப் புறப்படுங்கள். முதலில் பாக்குத் தோப்பு, அப்புறம் மூங்கிலும் காய்ந்த காடும். பாதிக்கு மேல் ஏறினால் குஞ்சப்பனை. ஆனி, ஆடியில் பலா பழுக்கும்போது யானை அங்கேயே குடியிருக்கும். ஜனவரியில் அவ்வளவு இருக்காது என்றாலும், விடியுமுன் அந்த இடத்தைக் கடக்க வேண்டாம். டீக்கடையில் நின்று, மேலே யானை ஏதாவது நிற்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பால் வண்டி, பஸ் டிரைவர் எல்லோரும் அங்கே சொல்லிவிட்டுத்தான் போவார்கள். குஞ்சப்பனைக்கு மேலே காற்றே மாறும். வியர்வை சட்டென்று குளிர ஆரம்பிக்கும். தேயிலை தொடங்கியதும் அரவேணு என்கிற ஊர், அங்கிருந்து கோத்தகிரி பக்கம்.

முதல் நாள் அவ்வளவு போதும். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் ஊருக்குள் நடந்து போய் ஏதாவது ஒரு பேக்கரியில் சூடான டீயும், மொறுமொறு பிஸ்கட் மாதிரியான வர்க்கியும் சாப்பிடுங்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தகிரி பேக்கரிகளில் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு கிடைப்பதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. தெம்பு மிச்சம் இருந்தால் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் வீட்டைப் பாருங்கள். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1819-இல் இந்த மலைக்கு ஏறி வந்தவர். ஊட்டிக்கு முன்பே வெள்ளைக்காரர் வீடு கட்டியது எங்கள் பக்கம்தான்.

இரண்டாம் நாள் கொடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கி.மீ. போக, 18 வர. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் வரிசையாகச் சில்வர் ஓக் மரம். கொழுந்து பறிக்கிறவர்கள் காலை எட்டு மணி வாக்கில் மலைக்குள் இறங்குகிற நேரத்தில் நீங்கள் அந்த ரோட்டில் இருந்தால், வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு வரிசையும் தனித்தனியாகத் தெரியும். கடைசியில் காட்சிமுனை. அங்கே மலை அப்படியே முடிந்துவிடும். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, காட்டுக்கு நடுவில் தெங்குமரகடா வயல், தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம், இந்தப் பக்கம் ரங்கசாமி மலை. நீங்கள் ஓட்டிப் பழகிய சமவெளியின் ஒரு மூலையை மேலிருந்து பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் வெயில் புகை கிளம்பிவிடும், அதற்குள் போய்ச் சேருங்கள்.

மூன்றாம் நாள் கட்டபெட்டு வழியாகக் குன்னூர். கோத்தகிரியிலிருந்து இருபது கி.மீ. சொச்சம். கட்டபெட்டில் ரோடு பிரியும். நேரே போனால் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி ஊட்டிக்கு இறங்கும், அது வேண்டாம். குன்னூர்ப் பக்கம் திரும்புங்கள். வண்டிச்சோலை தாண்டிச் சிம்ஸ் பூங்கா, அங்கிருந்து லேம்ப்ஸ் ராக். பூங்காவிலிருந்து லேம்ப்ஸ் ராக் போகிற அந்தக் குறுகலான ரோட்டில், ஒரு பக்கம் மரம் கவிந்த சோலை, மறுபக்கம் மரங்களுக்கு இடையில் கோயமுத்தூர் சமவெளி விட்டு விட்டுத் தெரியும். வார நாள் காலை என்றால் மட்டும் போங்கள். விடுமுறை நாளில் கார்கள் அங்கே ஒன்றையொன்று கடக்கவே முடியாமல் நிற்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி டால்ஃபின்ஸ் நோஸ். அங்கிருந்து எதிரே தெரிகிற கேத்தரின் அருவி எங்கள் அரவேணுப் பக்கத்துத் தண்ணீர்தான். பிறகு அதே வழியில் கோத்தகிரி திரும்பி, அன்று தங்கி மறுநாள் காலை இறங்கலாம். அன்றே இறங்க வேண்டும் என்றால் மூன்று மணிக்குள் கோத்தகிரியை விட்டுவிடுங்கள். மாலையில் பனிமூட்டம் வந்துவிட்டால் எதிரே வருகிற வண்டி முகப்பு விளக்கு போட்டாலும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிப் போகிற லாரிகளும் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும்.

இன்னொரு நாள் கூடக் கிடைத்தால் நான் போகச் சொல்வது கேத்தி பாலாடா, அங்கிருந்து எமரால்டு பக்கம். அது தேயிலை இல்லை, காய்கறிப் பள்ளத்தாக்கு. கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று அடுக்கடுக்காகத் தோட்டம். கேரட்டைக் கழுவி மூட்டை போடுகிற இடத்தில் ரோட்டோரம் ஆரஞ்சு மலையாகக் குவிந்திருக்கும். ஆனால் ஜனவரியில் அந்தப் பள்ளத்தில் உறைபனி விழும். காலை ஒன்பது மணிக்கு முன்னால் இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது.

தம்பி கேட்ட சோலைப் பாதை, புல்வெளி விஷயம். அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. வெறும் 116 ஹெக்டேர். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் அந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சோலைக்குள் கால் வைத்தால் தெரியும், தரை மெத்தையாக அமுங்கும். உதிர்ந்த இலை மக்கி மக்கி வந்த மண் அது. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்த மண்தான். சரிவில் டயர் ஒரு தடம் போட்டால், அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாகப் பிடித்துக்கொள்ளும். மேல் மண் போய்விடும். மேலே புல்வெளியிலும் இதே கதைதான். புல் வேர் ஒருமுறை கிழிந்தால் அந்த இடத்தில் முதலில் வருவது சீகை (வாட்டில்) மரமும் முள்ளுச் செடியும். போன இடத்தில் புல் திரும்ப வருவதை நான் பார்த்ததில்லை. இது காப்புக்காடு, உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், மீறினால் வழக்கு என்பதெல்லாம் உண்மை. சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். என் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அது.

மண் பாதை வேறு எங்கே என்று இரவு எழுதுகிறேன். ஆலைக்குக் கொழுந்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

சங்கனூர்ப்பள்ளம் (கோவை) பதில்:

அரவேணு சொன்னதில் ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன், அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போன மஞ்சூர் பற்றி.

கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஒரு ரோடு போகிறது. 43 கொண்டை ஊசி வளைவு. ஊட்டிக்கு மூன்றாவது வழி என்று சொல்வார்கள். கனடா நாட்டு உதவியோடு கட்டிய குந்தா நீர்மின் திட்டத்துக்காக இந்தப் பக்கமெல்லாம் அணையும் மின் நிலையமும் வந்தன. மலை உச்சியிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்குகிற பெரிய பெரிய குழாய்களைக் கெத்தைப் பக்கம் பார்க்கலாம். அந்த ரோட்டில் வண்டியே இருக்காது. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி.

ஆனால் கீழ்ப்பாதியில் யானைக்கூட்டம் நிரந்தரமாக உண்டு. அரசு பஸ்ஸையே மறித்து நிற்பது அடிக்கடி நடக்கும். சோதனைச்சாவடியில் வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அதனால் கீழிருந்து ஏற வேண்டாம். பதிலாக, நாங்கள் செய்வது இது: குன்னூரிலிருந்து கொலக்கம்பை வழியாக மஞ்சூர். மேலே மேலேயே போகிற ரோடு. தேயிலையும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும். மஞ்சூரில் சாப்பிட்டுவிட்டுக் குந்தா பாலம் பக்கம் இறங்கி ஏறித் திரும்பலாம். உங்கள் மூன்று நாளில் இது அடங்காது. அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழைக்காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நீலகிரியில் இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை கிழக்குப் பக்கம், அதாவது கோத்தகிரி, குன்னூர் ரோட்டுக்கு வரும். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று ஊர்க்காரர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். ஆகவே ஜூலையில் போகிறவர்கள் கோத்தகிரியையும், நவம்பரில் போக நினைக்கிறவர்கள் வேறு மலையையும் பார்ப்பது நல்லது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஜனவரி, பிப்ரவரி முதல் பாதிதான் சரியான காலம். அதற்குப் பிறகு காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும்.

காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலை மேலேயே வருகிறவர்கள் ஈ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் அந்த நடைமுறை. நீங்கள் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு மிதித்தே ஏறினால் அந்த வேலை மிச்சம்.

காவிரிக்கரை (ஈரோடு):

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கல்லட்டியை விட்டாயிற்று. கோத்தகிரியிலேயே மூன்று இரவும் தங்கிவிடுகிறோம். அரவேணு, நீங்கள் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். சோலைப் பக்கம் போகவில்லை என்று ஒத்துக்கொண்டான். ஆனால் எம்.டி.பி. கொண்டு வந்துவிட்டுத் தார் ரோட்டிலேயே ஓட்ட வேண்டுமா என்று முகம் வாடிவிட்டது. அவனுக்கு ஏதாவது வழி சொல்லுங்கள். என் கியர் இந்த ஏற்றத்துக்குப் போதுமா? இறக்கத்தில் ரிம் பிரேக் தாங்குமா? இதுதான் இப்போது மனதில் இருக்கிற பயம்.

அரவேணு (கோத்தகிரி) பதில்:

தம்பி முகம் வாட வேண்டியதில்லை. இங்கே மண் பாதைக்குப் பஞ்சமே கிடையாது, எஸ்டேட் ரோடு இருக்கிறதே. தேயிலைக்குள் டிராக்டர் போவதற்காகப் போட்ட பாதை. சில இடம் செம்மண், சில இடம் கருங்கல் பாவி நடுவில் புல் முளைத்திருக்கும், சில இடம் உருளைக் கல். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஆரம்பித்து மலைச்சரிவை வளைத்து வளைத்து ஓடை வரை இறங்கி, அந்தப் பக்கம் ஏறும். ஏற்கெனவே வண்டிக்காக வெட்டிய பாதை என்பதால் சைக்கிள் டயர் புதிதாக எதையும் கெடுக்கப்போவதில்லை.

ஆனால் எல்லாம் தனியார் நிலம். எஸ்டேட் ஆபீசுக்கோ, சிறு தோட்டம் என்றால் வீட்டுக்கோ போய் நேரில் கேளுங்கள். இரண்டு பேர், சைக்கிள், காலையில் ஒரு மணி நேரம் என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். மருந்து அடிக்கிற நாள் என்றால் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவர்களே சொல்வார்கள். முள்வேலி தாண்டிப் போய்விட்டு வீடியோ போடுகிறவர்களால்தான் சில தோட்டங்களில் இப்போது யாரையும் விடுவதில்லை. எங்கள் தோட்டத்திலேயே கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட செடிக்கு மேல் சைக்கிளை ஏற்றிக் குதித்துப் படம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கவாத்து செய்த தேயிலை பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரிதான் இருக்கும். அதில் துளிர் வந்து கொழுந்து எடுக்க மாதக்கணக்கில் ஆகும், அது வரை அந்தச் செடியிலிருந்து வருமானம் கிடையாது. தம்பி வரிசைக்கு நடுவில் இறங்காமல் பாதையிலேயே ஓட்டினால் போதும்.

அனுமதி கேட்கிற வேலையே வேண்டாம் என்றால், கோத்தகிரியிலிருந்து கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் பொது ரோட்டிலேயே போகச் சொல்லுங்கள். பஸ் போகிற ரோடுதான், ஆனால் குறுகல், மேடு பள்ளம் நிறைய. அதிலிருந்து ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்) பிரிகிற கான்கிரீட் ரோடு சில சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். எம்.டி.பி. கியருக்கு அங்கேதான் வேலை. ஊருக்குள் போகும்போது மெதுவாகப் போய் யாராவது பெரியவரைப் பார்த்தால் நின்று ஒரு வணக்கம் சொன்னால், டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். கோயில் பக்கமும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துப் பக்கமும் மட்டும் கேட்காமல் போக வேண்டாம்.

சோலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நடந்து பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். சைக்கிள் கிடையாது, நடைதான்.

தேயிலைக்குள் யானையைவிட அதிகம் பார்க்கப்போவது காட்டெருமை. புதர் உயரத்துக்கு முதுகு மட்டும் தெரியும், கல் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய்விடுவார்கள். கண்டால் நின்றுவிடுங்கள். மணி அடிக்க வேண்டாம், படம் எடுக்கக் கிட்டே போக வேண்டாம். அது தானாக நகர்ந்த பிறகு போங்கள். தனியாக நிற்கிற கிடா என்றால் திரும்பி வேறு வழி பாருங்கள். விடியற்காலையும் அந்தியிலும் கரடி நடமாட்டம் உண்டு, அதனால் தம்பியின் மண் பாதை காலை ஏழரை மணிக்கு மேல், மாலை நான்கரைக்குள்.

இப்போது உங்கள் கியர். முன்னால் 28, பின்னால் 32 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகப் போகாது. நல்ல விஷயம். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு ஏழு கி.மீ. வேகம் வரும். அந்த வேகத்தில் நிற்கிற நேரமெல்லாம் சேர்த்து ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் கோத்தகிரி வந்துவிடலாம். அவசரப்பட்டு 38 பல்லுக்கு மாற்ற வேண்டாம், முட்டிதான் பிடிக்கும். முதல் பத்து கி.மீ.யில் எவ்வளவு மெதுவாகப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் பசிக்கு முன்பே எடுத்துக்கொண்டே வாருங்கள். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சைக்கிள் பாட்டில் இரண்டு கொண்டு வாருங்கள். ரோட்டோரக் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம், சில்லறை வைத்திருங்கள்.

பிரேக். ரிம் பிரேக் தாங்கும், பிடிக்கிற விதம்தான் முக்கியம். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே முப்பது கி.மீ. இறங்கினால் ரிம் சூடாகி உள்ளே இருக்கிற டியூப் வெடித்துவிடும். நேர் ரோட்டில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நின்று ரிம் ஆற விடுங்கள். மலை இறங்குவதற்கு முன் பிரேக் கட்டையில் பள்ளம் தெரிகிறதா பாருங்கள், தேய்ந்திருந்தால் ஈரோட்டிலேயே மாற்றி, ஒரு ஜோடி உபரியும் எடுத்து வாருங்கள். தம்பி டிஸ்க் கட்டையைப் புதிதாக மாற்றினால் சமதளத்தில் சில நாள் ஓட்டித் தேய்த்துப் பழக்கிவிட்டு வரட்டும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போச்சு.

இறங்கும்போது குளிர் காற்று நெஞ்சில் அடிக்கும். மேலே ஏறியபோது நனைந்த பனியனோடு இறங்க வேண்டாம். மாற்றிவிட்டு, சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்தால் கோட் இல்லாமலே சமாளிக்கலாம். கைக்கு முழு உறை கட்டாயம்.

காவிரிக்கரை (ஈரோடு):

தெளிவாகிவிட்டது. பிரேக் கட்டையை இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று, கோத்தகிரியில் பஞ்சர், டியூப் எல்லாம் கிடைக்குமா?

அரவேணு (கோத்தகிரி) பதில்:

பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. சாதாரண சைக்கிள் டியூப் கிடைக்கும். ஆனால் உங்கள் ஹைபிரிட் சக்கரத்தில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் அந்த டியூபை இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும், கடைப் பம்பும் அதற்குப் பொருந்தாது. இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு, வால்வுக்குப் போடுகிற பித்தளை மாற்றி ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். தம்பியின் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், எஸ்டேட் கல்லில் வழுக்காது. உண்ணிச்செடி முள் குத்தினால் உடனே பிடுங்க வேண்டாம். நிழலாக, ரோட்டை விட்டுத் தள்ளி ஓர் இடம் பார்த்து நிறுத்திய பிறகு பிடுங்குங்கள். வளைவில் நின்று பஞ்சர் பார்ப்பது மட்டும் கூடாது.

எந்த வாரம் வருகிறீர்கள் என்று தேதி தெரிந்ததும் இங்கே போடுங்கள். குஞ்சப்பனையில் அன்றைக்கு யானை நடமாட்டம் எப்படி என்று முந்தின நாள் இரவு விசாரித்து எழுதுகிறேன்.